செங்கிழங்குத் தூளும் தமிழன் குருதியும்

நத்தம் புளிமண்டிகளின் முன் நின்று, ஐம்பது அகவையைக் கடந்த எவரையேனும் 'உடல் நலமா?' என்று கேட்டுப் பாருங்கள். "பி.பி. இருக்குதுங்க ஐயா" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். மூட்டை சுமப்பவரும் அதையே சொல்வார். கணக்கெழுதுபவரும் அதையே சொல்வார். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரும் அதையே சொல்வார். 'பி.பி. என்றால் என்ன?' என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் விழிப்பர்.

ஆங்கிலத்தில் அவ்விரண்டு எழுத்துகளும் குறிப்பது 'குருதியழுத்தம்' என்பதை மட்டுமே. குருதியழுத்தம் இல்லாத மாந்தன் இவ்வுலகில் இல்லை, இல்லாதவன் பிணம். ஆகவே, 'எனக்குப் பி.பி. இருக்கிறது' என்பது 'எனக்கு மூச்சு இருக்கிறது' என்பதை ஒக்கும். அழுத்தம் இருத்தல் நோயன்று. அஃது அளவுக்கு மேல் உயர்ந்து நிற்றலே நோய். 'உயர் குருதியழுத்தம்' என்று தாய்மொழியில் சொல்லிப் பழகிய ஒருவன் இப்பிழையைச் செய்யான். பொருளறியாத இரண்டு எழுத்துகளை வாயில் அடக்கிக்கொண்டமையால், தன் உடம்பில் நிகழ்வது இன்னதென்றே அறியாதவனாகத் தமிழன் ஆக்கப்பட்டான். "இது வெறும் சொல்லாராய்ச்சி, தமிழாசிரியர்க்கு வேறு வேலையில்லை" என்று நகைப்போர் சிலர் உளர். அவர்கள் கீழே வரும் நிகழ்ச்சியைப் படித்த பின்னர் நகைக்கட்டும்.

படிக்க முடியாத உண்மை

எனக்கு முப்பதாண்டுப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர். புளி வாங்கி விற்பவர். கரந்தமலை அடிவாரத்துச் சிற்றூர்களினின்று வரும் புளியை ஒரு கை அள்ளி முகர்ந்தே, அது புதியதா பழையதா என்று சொல்லிவிடுவார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் எங்கள் திருக்குறள் வகுப்புக்குப் பல்லாண்டுகள் தவறாது வந்து, அறத்துப்பால் முழுவதையும் நெஞ்சில் ஏற்றியவர். ஆங்கில எழுத்து ஒன்றும் அறியார். உயர் குருதியழுத்தம் கண்டபின் ஆறாண்டுகளாக, அரசு நலவாழ்வு நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் ஒற்றை வில்லையை நாள்தோறும் உண்டு, 130-க்கும் 80-க்கும் அருகே அதனை நிறுத்தி வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு, உறவினர் ஒருவர் வழியாக ஓர் அழகிய பெட்டி அவர் வீட்டுக்குள் நுழைந்தது. மேலே செங்கிழங்கின் படம். சுற்றிலும் ஆங்கில எழுத்து. உள்ளே செந்தூள் அடைத்த அறுபது கூடுகள். காலை ஒன்று, மாலை ஒன்று. திங்களுக்கு ஒரு பெட்டி. விலை 1,200 உருவா. 'இது பீட்ரூட், முழுக்க முழுக்க இயற்கை. மாத்திரை உடம்பைக் கெடுக்கும், இது கெடுக்காது. இனி மாத்திரையை விட்டுவிடலாம்' என்பது விற்றவரின் அறிவுரை. நண்பர் விட்டுவிட்டார். ஒன்றும் நேரவில்லை. தலை வலிக்கவில்லை, மயக்கம் வரவில்லை, பசி குறையவில்லை. இந்நோயின் வஞ்சமே அதுதான். உள்ளே குழாய்கள் விம்மிக்கொண்டிருக்கும். வெளியே ஓர் ஓசையும் எழாது.

நான்காம் திங்களில் ஒரு விடியற்காலை, பல் துலக்கச் சென்றவர் கிணற்றடியில் விழுந்தார். வலக்கையும் வலக்காலும் வீழ்ந்தன. அவற்றோடு சொல்லும் வீழ்ந்தது. வில்லையை நிறுத்தியதே இதற்குக் கரணியம் என்றார் மருத்துவர். உயிர் பிழைத்தார். இன்று நான் சென்றால் இடக்கையால் என் கையைப் பற்றிக்கொள்வார், கண் பேசும், நாப் பேசாது. அறத்துப்பாலை ஒப்பித்த நா அது.

அவர் வீடு திரும்பிய நாளில், மாடக்குழியில் இருந்த அப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், எறும்பூர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று' என்று அச்சிட்டிருந்தது. "என்ன போட்டிருக்குதுங்க ஐயா?" என்று கேட்டார் நண்பரின் துணைவியார். அதனைத் தமிழில் அவரிடம் சொல்லும் வலிமை அன்று எனக்கு இல்லை. பெட்டி பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருந்தது. ஆனால், எவர்க்குச் சொல்ல வேண்டுமோ அவர்க்குச் சொல்லவில்லை.

கிழங்கின்மேல் குற்றமில்லை

இதைக் கேட்டவுடன் செங்கிழங்கையே பழிப்போரும் இருப்பர். அதுவும் அறியாமையே. நம் திண்டுக்கல் மாவட்டத்து உழவர் விளைவித்து, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும் அக்கிழங்கு நல்ல உணவு. அதில் குருதியழுத்தத்தைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பதும் மெய்யே. அம்மெய்யை முழுமையாக அறிந்துகொள்வோம். பொய்யனை வெல்லும் வழி அதுதான்.

செங்கிழங்கில் வெடியுப்பின் இனத்தைச் சேர்ந்த 'நைட்ரேட்' எனும் உப்பு மிகுந்துள்ளது. நாம் உண்டபின் அது குருதியிற் கலந்து, உமிழ்நீரில் மீண்டும் சுரக்கிறது. நாவின்மேல் வாழும் நுண்ணுயிரிகள் அதனை 'நைட்ரைட்' ஆக மாற்றுகின்றன. அதிலிருந்து உடம்புக்குள் 'நைட்ரிக் ஆக்சைடு' எனும் வளி பிறக்கிறது. குருதிக்குழாய்களின் சுவரை இளக்கி விரியச் செய்வது அவ்வளியே. குழாய் விரிந்தால் அழுத்தம் தணியும். அவ்வளியின் பணியைக் கண்டறிந்த மூவர்க்கு 1998-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இவ்வினையில் நாவுக்குரிய பங்கு எத்துணைப் பெரிதெனில், நுண்ணுயிர்க்கொல்லி கலந்த வாய்கொப்பளிப்பு நீரை நாள்தோறும் பயன்படுத்துவோர்க்குச் செங்கிழங்கின் இப்பயனே குன்றிப் போகிறது.

இலண்டன் ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உயர் குருதியழுத்தம் உடையோர் 68 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு 250 மில்லி லிட்டர் செங்கிழங்குச் சாறு. மற்றவர்க்கு அந்த உப்பை மட்டும் நீக்கிய அதே சாறு. நான்கு கிழமைகள் கடந்தபின், முதற்பிரிவினரின் மேலழுத்தம் ஏறத்தாழ 8 அளவு குறைந்திருந்தது. சாற்றை நிறுத்திய இரண்டு கிழமைகளுக்குள் அது பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. இதிலிருந்து அறியத்தக்கவை மூன்று. ஒன்று, பயன் உண்டு. இரண்டு, அப்பயன் நாள்தோறும் குடிக்கும் வரையில்தான். மூன்று, 170-இல் நிற்பவரை அந்த எட்டு அளவுக் குறைவு 162-க்குக் கொண்டுவரும். காக்கும் எல்லையாகிய 140-க்குக் கீழே கொண்டுவராது. 'வில்லையை விட்டுவிடு' என்று அவ்வாராய்ச்சியாளர் யாரும் சொல்லவில்லை. சொன்னவன் விற்பவன்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்குத் தெரிந்த கணக்குப் போதும். பச்சைச் செங்கிழங்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். ஒரு கூட்டில் அடங்குவது அரை கிராம் அளவுத் தூள். அது வெறும் உலர்தூளாயின், ஏறத்தாழ நான்கு கிராம் கிழங்குக்கு ஈடு. விரல் நுனியளவு ஒரு துண்டு. பெட்டியிலுள்ள அறுபது கூடுகளையும் உடைத்துக் கொட்டினாலும் கால் கிலோக் கிழங்கு ஆகாது! 1,200 உருவாவுக்குக் கால் கிலோக் கிழங்கு! இலண்டன் நோயாளி ஒரே நாளில் குடித்த சாற்றுக்கு வேண்டிய கிழங்குகூட, நம் நண்பரின் ஒரு திங்கட் பெட்டியில் இல்லை. ஒட்டன்சத்திரத்து உழவன் மூட்டைக்கு வாங்குவதை ஒரு பெட்டிக்கு வாங்குகிறான், மண்வெட்டி பிடித்தறியாத இடைத்தரகன்.

அதனினும் நகைப்புக்குரியது ஒன்று. அந்த உப்பு செங்கிழங்கின் தனியுடைமை அன்று. நம் கொல்லையில் வளரும் முளைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் முள்ளங்கியிலும் அது நிறைய உண்டு. மேலைநாட்டினர் இன்று ஆய்ந்து 'உண்க' என்று சொல்வதை, நம் பாட்டிமார் அம்மியருகே உட்கார்ந்து ஆய்ந்து கடைந்து ஊட்டினர். 'கீரையா? ஏழைச் சோறு' என்று இகழ்ந்து ஒதுக்கியவனே, 'பீட்ரூட் கேப்சூல்' என்றவுடன் பணப்பையைத் திறக்கிறான். அவன் வாங்குவது கிழங்கையன்று, ஒரு பெயரை.

தமிழ் வேண்டாத் தமிழ்நாட்டுப் பெட்டி

இப்பொழுது, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். பெட்டியின் அடியில் இருந்த அந்த எச்சரிக்கை விற்பவனின் அருளால் வந்ததன்று. துணையுணவுகள் பற்றி 2016-இல் இந்திய உணவுக்காப்பு ஆணையம் வகுத்த விதி, 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று' என்று பெட்டிமேல் பொறிக்க வேண்டுமெனக் கட்டளையிடுகிறது. நல்ல விதி. ஆயின், எம்மொழியில் பொறிக்க வேண்டும்? அதற்கும் விதியுண்டு. உணவுப் பெட்டிகளின் மேலுள்ள விளக்கங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்பதே 2020-ஆம் ஆண்டு விதியும் அதற்கு முந்தைய 2011-ஆம் ஆண்டு விதியும் கூறுவது. மற்ற மொழிகளோ? வேண்டுமாயின் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்!

சற்றே எண்ணுங்கள். நத்தத்தில் விற்கும் பெட்டி, வாங்குபவன் தமிழன், உண்பவன் தமிழன், உண்டு வீழ்பவனும் தமிழன். அவன் உயிரைக் காக்கும் எச்சரிக்கை மட்டும் அவன் மொழியில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை! விலை சொல்ல, ஆசை காட்ட, அழைத்துப் பேச விற்பவனுக்குத் தமிழ் வேண்டும். விழிப்பூட்ட மட்டும் தமிழ் வேண்டா. வாய்ச்சொல்லால் தமிழில் ஏமாற்று. அச்சால் ஆங்கிலத்தில் தப்பித்துக்கொள் என்று வழி வகுத்துக் கொடுத்திருக்கிறது தில்லி. இந்தித் திணிப்பு என்றால், அஞ்சலகப் படிவத்திலும் தொடர்வண்டி நிலையப் பலகையிலும் மட்டும் அதனைத் தேடுகிறோம். அது நம் மருந்துப் பெட்டிக்குள்ளும் புகுந்து, நம் குருதிக் குழாய்க்குள்ளும் புகுந்துவிட்டதைக் காணத் தவறினோம்.

வேறொரு சட்டமும் உண்டு. உயர் குருதியழுத்தத்தைத் தீர்ப்பதாக எவரும் விளம்பரம் செய்தல் கூடாது என்று 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் நோய்ப்பட்டியலில் உயர் குருதியழுத்தமும் இடம்பெற்றுள்ளது. அச்சட்டம் எழுபதாண்டுகள் உறங்கிற்று. வடநாட்டுப் பதஞ்சலி நிறுவனம், உயர் குருதியழுத்தமும் நீரிழிவும் தன் மருந்துகளால் அடியோடு நீங்கும் என்ற பொருள்பட நாடெங்கும் விளம்பரம் செய்தது. இந்திய மருத்துவக் கழகம் 2022-இல் உச்ச முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அம்மன்றம் அவ்விளம்பரங்களைத் தடுத்தது. ஏப்பிரலில் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிடப் பணித்தது. ஆகத்தில் மன்னிப்பை ஏற்று மன்ற இகழ்ச்சி வழக்கை முடித்தது. மன்னிப்பு அச்சேறிற்று. அவ்விளம்பரத்தை நம்பி வில்லையை நிறுத்தியவர்க்கு எவர் மன்னிப்புக் கேட்டார்?

வடவரை மட்டும் சுட்டி நாம் தப்பிக்கவும் முடியாது. 'தமிழ் மருத்துவம்', 'சித்தர் அருளிய கமுக்கம்' என்ற பெயர்ப்பலகைகளோடு, 'ஒரு மண்டலத்தில் அழுத்த நோய் ஒழியும். வில்லையைத் தூக்கி எறி' என்று கூவும் நம்மவரும் உளர். தமிழின் பெயரால் சொன்னால் பொய் மெய்யாகிவிடுமா? முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் அப்படிச் சொல்வதில்லை. நோயை அளந்து, நாடி பார்த்து, உண்ணும் வில்லையைக் கேட்டறிந்தே மருந்தளிப்பார். வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரமே வகுத்தார், 95-ஆவது. அதிலுள்ள பத்துக் குறள்களில் பெரும்பகுதி உணவின் அளவையே பேசுகிறது. பின்னர், நோயின் அடியை ஆராயுமாறு மருத்துவனைப் பணிக்கிறது. கமுக்கம் எதுவும் அதில் இல்லை. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்; 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்' என்று நூல் எழுதியவரும் அவரே. மொழித் தூய்மையும் உடல் நலமும் அவர்க்கு இரு வேறு துறைகளாக இருக்கவில்லை. அவர் வழிவந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், தமிழ்ப்பெயர் தாங்கிய பொய்யைத்தான் முதலில் களைய வேண்டும்.

'மருத்துவத்திற்குத் தமிழ் ஏலுமா?'

'மருத்துவம் உலகப் பொதுவறிவு. அதில் போய்த் தமிழைத் திணிப்பதா?' என்பார், ஆங்கிலம் கற்ற நம்மவர். அவர்க்கு ஒரு வெள்ளையரையே விடையாகத் தருகிறேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மானிப்பாயில் இருந்துகொண்டு, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; தமிழ் வாயிலாகவே இளைஞர்களை மருத்துவர்களாக்கினார். அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொற்கள் மிகுதி என்பது நம் குறை. ஆயினும், நோயாளியின் மொழியே மருத்துவத்தின் மொழி என்று அவர் உணர்ந்தார். அயலார் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் செய்து காட்டியதை, 'ஏலாது' என்று 21-ஆம் நூற்றாண்டுத் தமிழன் சொல்கிறான்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டு ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிற்று. மூன்று சொல்லும் தமிழ். ஆகவே, என்ன திட்டம் என்று எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டு வாயிலுக்கே வந்து அழுத்தம் அளக்கிறார்கள், வில்லை தருகிறார்கள். அதன் தேவை எவ்வளவு என்பதை 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த நலக் கணக்கெடுப்பே சொல்லும். அகவை முதிர்ந்தோரில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர்க்கு உயர் குருதியழுத்தம். அவர்களுள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. மூவரில் ஒருவர்க்கு நோய். அந்நோயாளர் நூற்றுவரில் தொண்ணூற்றிருவர்க்கு மேல் காப்பின்றி நின்றனர். செங்கிழங்குத் தூள் விற்பவன் நுழைவது அந்தத் தொண்ணூற்றிருவர் வீட்டுக்குள் மட்டுமன்று. என் நண்பரைப்போல் கட்டுக்குள் வைத்திருந்தவர் வீட்டுக்குள்ளும்தான்.

ஆதலின் செய்ய வேண்டுவன இவை. முப்பது அகவை கடந்தவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்து, எண்ணைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்க. 140-க்கும் 90-க்கும் மேல் மீண்டும் மீண்டும் நிற்குமாயின் மருத்துவரை அடைக. தந்த வில்லையை அவரைக் கேளாது நிறுத்தற்க. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடக்குக. அஃது ஒரு சிறு கரண்டியளவே. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அக்கணக்கில் சேரும் என்பதை மறவற்க. கீரையும் முள்ளங்கியும் செங்கிழங்கும் கறியாக உண்க. சிறுநீரக நோயும் கல்லடைப்பும் உடையோர் மட்டும் செங்கிழங்கைப் பற்றி மருத்துவரைக் கேட்டு உண்க. புகையும் கள்ளும் விலக்குக.

உங்கள் வீட்டில் ஆங்கிலம் மட்டும் எழுதிய துணையுணவுப் பெட்டி இருக்குமாயின், ஆங்கிலம் அறிந்த ஒருவரைக் கொண்டு அதன் அடிவரியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் அறிந்தவர் நீங்களாயின், இக்கிழமையே அக்கம்பக்கத்து முதியோர் வீடுகளுக்குச் சென்று அவர்தம் பெட்டிகளைப் படித்துச் சொல்லுங்கள். கற்ற ஆங்கிலத்திற்கு அதைவிட நற்பயன் வேறில்லை.

அரசுக்கு நம் கோரிக்கை ஒன்றே: தமிழ்நாட்டில் விற்கும் எந்த உணவுப் பெட்டியானாலும், எந்த மருந்துப் பெட்டியானாலும், அதன் எச்சரிக்கை தமிழில், படிக்கத்தக்க அளவில், முகப்பிலேயே இருத்தல் வேண்டும். 'விருப்பமாயின்' என்பதன்று; கட்டாயமாக. தில்லி இதற்கு இசையாதெனின், இசையும் வரை கேட்போம். மொழிப்போர் என்பது மேடைக்கு மட்டும் உரியதன்று. அது மாடக்குழியில் இருக்கும் பெட்டிக்கும் உரியது.

சென்ற கிழமை நண்பரைக் கண்டு வந்தேன். பழைய வில்லையை மீண்டும் உண்கிறார். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியில், 'அ' என்னும் ஓசை அவர்க்கு வந்திருக்கிறது. குறளின் முதலெழுத்து அது. எஞ்சிய எழுத்துகளை அவர் தேடிக்கொண்டிருக்கிறார். நமக்கோ நா இருக்கிறது, பேசுவோம்.